மீன் வாலில் பிரியும் இழை: துண்டுத்துணி ஒட்டுவேலையில் வரும் பிழைகள்

மட்டக்களப்பில் ஒருவர் ஒட்டுவேலை, அதாவது வெட்டிய துணி வடிவத்தை இன்னொரு துணியின்மேல் வைத்துத் தைப்பது, பழகத் தொடங்கினால் முதலில் வெட்டுவது மீனைத்தான். பாடும் மீன்களின் ஊரில் வேறு எதை வெட்டுவது? பார்வைக்கு மீன் எளிய வடிவம். தைக்கத் தொடங்கினால்தான் தெரியும், மூக்கில் ஒரு கூர்முனை, வயிற்றில் ஒரு வெளிவளைவு, வால் பிளவில் ஓர் உள்மூலை, கண்ணுக்கு ஒரு குட்டி வட்டம் என்று தையற்காரியைச் சோதிக்கும் எல்லாமே அதற்குள் இருக்கின்றன. ஆகவே உள்ளங்கை அளவு மீன் ஒன்றை வைத்தே பிழைகளைச் சொல்கிறேன். உங்களுடையது பூவாகவோ இலையாகவோ இருந்தாலும் மருந்து ஒன்றுதான்.

ஆரையம்பதியில் என் வீட்டு விறாந்தையில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கறுப்பு இயந்திரம். துணிப்பெட்டியில் இருப்பவை மருதமுனைத் தறிகளில் மிஞ்சிய முனைத்துண்டுகள், கிழிந்த சாரங்கள், தையற்கடையில் கூட்டி ஒதுக்கிய துண்டுகள், உடைந்த குடையின் துணி, கழுவிய உரப்பைகள். பழக வரும் பிள்ளைகள் பிழை வந்தவுடன் தங்கள் கையை நொந்துகொள்வார்கள். நான் முதலில் துணியைத்தான் விசாரிப்பேன். கடையில் சுருளிலிருந்து வெட்டிய துணிக்கு வரலாறு கிடையாது. துண்டுத்துணி எங்கோ வாழ்ந்துவிட்டு வருகிறது. சுருங்கி முடித்ததா, சாயம் இறக்கி முடித்ததா, எதனால் ஆனது என்று கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்தால் பதில் முதல் சலவையில் வரும்.

எதனால் ஆனது என்பதை அறிய நாலைந்து இழைகளை உருவி, தண்ணீர்ச் சிரட்டைக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கடதாசி எரியும் மணமும் தொட்டால் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது ரேயான். உருகி, கறுத்த கெட்டி மணியாக உறைந்தால் பொலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. தலைமயிர் கருகும் மணம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. அப்படிப்பட்ட துண்டை மீனுக்கு வீணாக்க வேண்டாம். இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் அது கலப்பு. கட்டுக்கட்டாக நிறுத்து விற்கும் துண்டுகளில் பெரும்பாலும் கலப்புத்தான் வரும். ஒருமுறை ‘எல்லாம் பருத்தி’ என்று ஒரு கடையில் சத்தியம் பண்ணித் தந்த மூட்டையை அவிழ்த்தேன். பாதிக்கு மேல் இழுத்தால் இரப்பர் போல நீளும் லைக்ரா.

ஓரம் நூல்நூலாகப் பிரிகிறது

அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. எந்த இடத்தில் பிரிகிறது என்று முதலில் பாருங்கள். சுற்றிவரப் பிரிந்தால் மடிப்புக்கு விட்ட கரை போதவில்லை. நேராக வெட்டிய பக்கங்களில் மட்டும் பிரிந்து சரிவான பக்கங்கள் உறுதியாக நின்றால் வெட்டிய திசைதான் குற்றவாளி.

மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஒரு ராத்தாவிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். “தங்கச்சி, துணியை வெட்டும்போது அது இன்னும் தறியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு பக்கம் ஓடுகிறது, ஊடை குறுக்கே ஓடுகிறது. பாவுக்கு நேராக வெட்டினால் கடைசி இழையைப் பிடிப்பதற்கு ஆள் இல்லை” என்றார். அன்றைக்கு விளங்கியது. நேராக வெட்டினால் ஓரத்து இழை முழு நீளத்துக்கும் தனியாக நிற்கிறது. மூலைவாட்டமாக வெட்டினால் ஓரத்தில் நிற்பவை குட்டை இழை முனைகள் மட்டும். அவை அவ்வளவு எளிதில் உருவிக்கொண்டு வரா. ஆகவே பை, கதிரை உறை போன்ற தடித்த அடித்துணியில் தைப்பதானால் மீனைத் துணியின் மூலைவாட்டத்தில் வைத்து வெட்டுங்கள். வயிற்று வளைவும் அழகாக மடியும். ஒரு விலை உண்டு: மூலைவாட்டத் துணி இழுபடும். அதற்குக் கஞ்சி. வடிகஞ்சியை நீர் விட்டுத் தளர்த்தி, துணியை நனைத்து, அரைஈரத்தில் ஸ்திரிக்கை போட்டு, கடதாசி போல விறைத்த பிறகு வெட்ட வேண்டும்.

நெருக்கமாக நெய்த சாரத் துணிக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர் மடிப்புக் கரை போதும். தளர்வான கைத்தறிக்கு 8 முதல் 10 வரை விடுங்கள். அதோடு, வெட்டுவதற்கு முன்பே மீனின் கோட்டின்மேல் நெருக்கமான நேர்த்தையல் ஒன்று ஓட்டிவிடுங்கள். பிரிதல் அந்த வேலியோடு நின்றுவிடும். மடிக்கும்போது விரலுக்கும் கோடு தட்டுப்படும்.

தைத்து முடித்த பின் பிரியத் தொடங்கினால், நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஒன்றை இழுத்தால் பக்கத்து வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு வரும். ஒட்ட நறுக்குங்கள். பிறகு ஓரத்தைக் கௌவிப் போகும் கம்பளித் தையலை, தையலுக்குத் தையல் 3 மில்லிமீற்றர் இடைவெளியில், 4 முதல் 5 மில்லிமீற்றர் உள்ளே குத்திச் சுற்றிவரப் போடுங்கள். வேறு நிற நூலில் போட்டால் வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். நானும் திருத்தியதில்லை.

குடைத்துணி போன்ற செயற்கைத் துணியானால் எரியும் ஊதுபத்தி முனையை ஓரத்தில் மெல்ல ஓடவிட்டால் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். முதலில் கழிவுத்துண்டில், காற்றோட்டமான இடத்தில் செய்து பாருங்கள். பருத்தியில் இதைச் செய்தால் ஓட்டைதான் விழும்.

மீனைச் சுற்றி அடித்துணி சுருங்கி நிற்கிறது

எப்போது சுருங்கியது? தைத்து முடித்த உடனேயா, முதல் சலவைக்குப் பிறகா? மருந்து இரண்டு வகை.

உடனே சுருங்கினால் காரணம் இழுவை. கையால் தைப்பவர்கள் மடியில் வைத்து, துணியை விரலில் வளைத்துப் பிடித்து, ஒவ்வொரு தையலையும் சுண்டி இழுப்பார்கள். மேசையில் தட்டையாக வைத்துத் தையுங்கள். ஊசி வெளியே வந்ததும் நூல் துணியைத் தொட்டால் போதும், இறுக்கத் தேவையில்லை. ஒரு சாண் தூரத்துக்கு ஒருமுறை பின்பக்கத்தில் ஒரு பின்தையல் போட்டு நூலைக் கட்டிவைத்தால் ஓரிடத்து இழுவை மீன் முழுவதும் பரவாது. இயந்திரத்தில் அடிநூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம். திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி, அதே இரண்டு துணிகளின் கழிவுத்துண்டில் ஓட்டிப் பாருங்கள். மெல்லிய அடித்துணியானால் கீழே அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்றை வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுக்கலாம். பத்திரிகைத் தாளை நான் விட்டுவிட்டேன். வெள்ளைத் துணியின் பின்னால் செய்தி பதிந்துவிடுகிறது.

சலவைக்குப் பிறகு சுருங்கினால் சுருக்கத்தின் வடிவத்தைப் பாருங்கள். மீன் பொரித்த அப்பளம் போலக் கொப்பளித்து நின்றால், அடித்துணி சுருங்கியிருக்கிறது, மீன் சுருங்கவில்லை: புதுப்பருத்திமேல் பொலியெஸ்டர் ஒட்டினால் வரும் கோலம். மீன் தட்டையாக இருக்க, சுற்றியுள்ள துணி சுருக்குப்பை வாய் போல மடிந்து நின்றால் கதை மறுபக்கம்: சுருங்காத அடித்துணிமேல் கழுவாத கைத்தறியைத் தைத்திருக்கிறீர்கள்.

முதல் வகைக்கு, ஒரு விரல் நீளத்துக்கு ஓரத்தைப் பிரித்து, கொப்பளத்தைக் கையால் அந்தப் பக்கம் தள்ளி, மிகுதியை உள்ளே மடித்துத் தைத்தால் பெரும்பாலும் அடங்கும். இரண்டாவதற்குக் குறுக்குவழி கிடையாது. பின்பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்து, முன்பக்க நூலை உருவி, மீனைக் கழற்றி, இரண்டையும் தட்டையாக ஸ்திரிக்கை போட்டு மறுபடி தைக்க வேண்டும். மீன் இப்போது சற்றுச் சிறுத்திருக்கும். வளரும் என்று காத்திருக்க முடியாது.

இதைத் தவிர்க்க நான் செய்வது: சந்தேகமான துணியில் 10 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை வெட்டி, எந்தப் பக்கம் பாவு என்று பேனையால் அம்புக்குறி போட்டு, சுடுநீரில் அரை மணிநேரம் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து அளப்பேன். 9.5 ஆனால் நூற்றுக்கு ஐந்து சுருக்கம். அப்படிப்பட்ட துணி முழுவதும் முதலில் கிணற்றடிக்குப் போக வேண்டும். பெரும்பாலும் பாவுப் பக்கம்தான் கூடச் சுருங்கும், தறியில் இறுகி நின்ற இழை அது. பழைய சாரங்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை, வருடக்கணக்காகக் கிணற்றடியைப் பார்த்தவை அவை. தளர்ந்து விழும் ஆடைகளில் ஒட்டும்போது மட்டும் மூலைவாட்டத்தை மறந்துவிட்டு, மீனின் பாவும் ஆடையின் பாவும் ஒரே திசையில் ஓடும்படி வையுங்கள்.

வால் பிளவு பிய்கிறது, மூக்கு மொட்டையாகிறது, கண் கோணுகிறது

வால் பிளவில் கத்தரிக்கோல் முனையால் ஒரேயொரு வெட்டு, கோட்டுக்கு ஓர் இழை முன்பாக நிற்க வேண்டும். அதற்கும் முன்னதாக நின்றால் மடிப்பு இழுத்துப் பிடிக்கும், கோட்டைத் தாண்டினால் பிய்யும். வெட்டுமுன் வெள்ளைப் பசையைக் குண்டூசி முனையால் தொட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து உலரவிடுங்கள். தைக்கும்போது பிளவில் மட்டும் மூன்று தையலை நெருக்கிப் போடுங்கள்.

மூக்கில் துணி குவிந்து மொத்தமாவதுதான் மொட்டையாவதற்குக் காரணம். முதலில் கூர்முனையை நேரே உள்ளே மடித்து, நுனியில் மிஞ்சும் முக்கோணத்தை நறுக்கி, பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். இரண்டு பக்கத்தையும் மடித்துவிட்டு நுனியை உள்ளே திணிக்க முயன்றால் அது ஒருநாளும் போகாது.

கண்ணுக்குச் சதக் காசு அளவு வட்டத்தைக் கையால் மடிப்பது வீண் பிடிவாதம். பால்மாப் பெட்டி மட்டையில் வட்டம் வெட்டி, அதைவிட விரல்கடை பெரிதாகத் துணி வட்டம் வெட்டி, ஓரமாக நூலோட்டித் சுருக்குப்பை வாயைச் சுருக்குவது போல மட்டையின்மேல் சுருக்குங்கள். ஸ்திரிக்கைப்பெட்டியை அழுத்தி, ஆறிய பிறகு மட்டையை எடுத்தால் வட்டம் நிற்கும். வயிற்று வளைவில் மூலைமூலையாகத் தெரிந்தால் கரையில் சின்னச் சின்ன முக்கோண வெட்டுகள் போடுங்கள்.

இவை எதுவும் கைவராத தொடக்கக்காரருக்கு ஓர் ஏமாற்று வழி: பழைய நுளம்பு வலைத் துண்டின்மேல் மீனின் நல்ல பக்கம் படும்படி வைத்து, கோட்டோடு முழுச் சுற்றும் தைத்து, கரையைக் குறைத்து, வலையின் நடுவில் கீறி, உள்ளே இருந்து வெளியே புரட்டுங்கள். கரை முழுவதும் தானாக உள்ளே போய்விடும். ஊசி முனையால் மூக்கை இழுத்துவிட்டால் போதும். இதை ஏமாற்று என்று நான்தான் சொல்கிறேன், பார்க்கிறவர் எவரும் கண்டுபிடித்ததில்லை.

சாயம் இறங்கி வெள்ளைத் துணி ரோசாவாகிவிட்டது

ஈரமாக இருக்கும்போதே கண்டீர்களானால் பாதி தப்பினீர்கள். காயவிடாதீர்கள், வெயிலில் போடாதீர்கள், ஸ்திரிக்கைப்பெட்டியை அருகிலும் கொண்டுவராதீர்கள். நிறைய நீரில் சவர்க்காரத்தூள் போட்டு அலசி, நீரை மாற்றி, மறுபடி அலசுங்கள். ஏறிய சாயம் காய்ந்தால் குடியேறிவிடும். வெளுக்கும் மருந்து போட்டால் கறை போகும், மீனின் நிறமும் கூடவே போகும்.

“முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும்” என்று என் மாமி சொல்வார், அவருடைய மாமியும் சொல்லியிருப்பார். சாயம் போடும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. நீரிலுள்ள சாயத்தைப் பருத்தி இழைக்குள் போகத் தூண்டும். ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் ஒட்டாமல் தங்கிய மிகுதியை அது பூட்டி வைக்காது. வினாகிரியும் அப்படித்தான்: பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் சில சாயங்களுக்குத்தான் அது பொருந்தும். எனவே உப்பைக் கறிக்கு வைத்துக்கொண்டு, துணியை நீர் தெளியும்வரை சுடுநீரில் அலசுங்கள். ஆறேழு தடவைக்குப் பிறகும் நீர் சிவந்தால் அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கருஞ்சிவப்பு, கடுநீலம், கறுப்பு மூன்றையும் நான் எப்போதும் சந்தேகிப்பேன். வெட்டுமுன் சோதனை எளிது: நனைத்த வெள்ளைத் துணித்துண்டை அதன்மேல் வைத்துச் சூடாக அழுத்துங்கள். வெள்ளையில் நிழல் விழுந்தால் அதுவே வாக்குமூலம்.

உரப்பை மீன் உருகியது, அல்லது தையலோடு கிழிந்தது

உரப்பைகள் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் இழையால் நெய்தவை. அது ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் உருகும். ஸ்திரிக்கைப்பெட்டியில் ஒரு புள்ளி ஏறத்தாழ 110 பாகை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பருத்திக்கான மூன்று புள்ளியில் உரப்பையைத் தொட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சிரட்டைக் கரி போடும் பழைய பெட்டியில் புள்ளியும் இல்லை, இரக்கமும் இல்லை. உரப்பைக்குச் சூடே காட்ட வேண்டாம். மடிப்புக் கோட்டைக் கரண்டிப் பிடியால் அழுத்திக் கீறினால் அப்படியே மடியும். பெட்டியின் அடியில் ஏற்கெனவே உருகி ஒட்டியிருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, இளஞ்சூட்டில் மரக்கரண்டியால் சுரண்டி, பழைய பருத்தித் துணியில் தேயுங்கள்.

கிழிவது வேறு கதை. துணி போல நெருக்கமாகத் தைத்தால் ஊசித்துளைகள் முத்திரையின் ஓரம் போல வரிசையாகிவிடும், பிறகு ஒரு இழுவை போதும். தையல் நீளத்தை 3.5 முதல் 4 மில்லிமீற்றர் வரை கூட்டுங்கள். குண்டூசித் துளையும் ஆறாது, ஆகவே கொடியில் துணிக்குப் போடும் கிளிப்பால் பிடியுங்கள். தையல் சரியாக இருந்தும் மீன் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தப் பை வெயிலில் கிடந்தது. வெயில் இந்தப் பிளாஸ்டிக்கை முறித்துவிடும், வயலோரத்தில் எடுத்த பையில் மீன் வெட்டாதீர்கள். கிருமிநாசினி வந்த பைகளை எவ்வளவு கழுவினாலும் தொடவே வேண்டாம்.

நூல் அறுகிறது, தையல் தாண்டுகிறது

முதலில் ஊசியை மாற்றுங்கள். மெல்லிய சேலைத் துண்டுக்கு 11ஆம் இலக்கம், சாரத் துணிக்கு 14, டெனிமுக்கு 16. பசை தடவிய ஒட்டில் தைத்தால் ஊசியில் பிசின் ஏறித் தையல் தாண்டும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கலாம். பனியன் துணியில் தாண்டினால் முனை உருண்ட ஊசி வேண்டும். இவை எல்லாம் சரியென்றால் நூலைச் சோதியுங்கள்: ஒரு சாண் எடுத்துச் சுண்டுங்கள். அம்மம்மாவின் தகரப் பேணியில் கிடந்த பருத்தி நூல்கட்டை அழகானதுதான். ஈரத்தில் கிடந்து உக்கிய நூல் தையலுக்கு உதவாது.

அடித்துணியின் கோடு மீனுக்குள் தெரிகிறது

வெளிர்நிற மெல்லிய துணிக்கு உள்ளே பழைய பாடசாலைச் சீருடையின் வெள்ளைத் துண்டு ஒன்றை, மீனைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டி வைத்தால் போதும்.

துருப்புள்ளி, பூஞ்சணம்

இது நம் ஊர் வியாதி. கார்த்திகையில் மழை பிடித்தால் தை வரைக்கும் வீட்டில் எதுவும் முழுதாகக் காயாது. இரவு குண்டூசியோடு விட்ட வேலையில் காலையில் மஞ்சள் புள்ளி இருக்கும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் வைத்து ஒரு மணிநேரம் வெயில் காட்டி அலசினால் துரு போகும். நிறத்துணியில் முதலில் மறைவான மூலையில் பாருங்கள். மழைக்காலத்தில் நான் குண்டூசியே குத்துவதில்லை, நூலோட்டிப் பிடித்துவிடுவேன்.

பூஞ்சணத்துக்குக் கஞ்சி விருந்து, பூச்சிகளுக்கும் அப்படியே. தைத்து முடித்த ஒட்டில் கஞ்சியை விட்டுவைக்காமல் அலசிக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும். வாவிக்குக் கிட்டிய உவர்க் கிணற்று நீரில் கடைசி அலசல் வேண்டாம். துணியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எப்போதும் பிசுபிசுக்கும். பூஞ்சணம் ஏற்கெனவே வந்திருந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்வாகத் தூரிகையால் தட்டி, பிறகு துவையுங்கள். கறுத்த புள்ளி சில வேளை போகாது. துண்டுத்துணி மூட்டை முழுவதையும் துவைத்து அடுக்க ஏற்ற காலம் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி. காலையில் கொடியில் போட்டது மதியத்துக்குள் பப்படம் போலக் காய்ந்துவிடும்.

தனி ஒட்டு கருவாடு போலச் சுருளுகிறது

பிறகு தைப்பதற்கென்று முன்கூட்டியே செய்து வைக்கும் ஒட்டுகளில் இது வரும். முன்துணியும் பின்துணியும் ஒரே அளவில் சுருங்காதவை, அல்லது ஓரத் தையல் மிக நெருக்கம். முன்பக்கமாகச் சுருண்டால் முன்துணி சுருங்கியது, பின்பக்கமாகச் சுருண்டால் பின்துணி. ஈரத்துணி மூடி அழுத்தி, ஆறும்வரை கனமான புத்தகத்துக்குக் கீழே வையுங்கள். மறுபடி சுருண்டால் பின்துணியைப் பிரித்து, முன்துணி எந்தத் துணியோ அதே துணியையே பின்னாலும் போடுங்கள்.

எதுவும் சரிவரவில்லை

சில மீன்களைக் காப்பாற்ற முடியாது. பிரித்தால் அடித்துணியில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும், விட்டால் கண்ணை உறுத்தும். அப்போது பிரிக்காதீர்கள். அதைவிட ஒரு விரல் அகலம் கூடிய மீனை வெட்டி, பழையதன் மேலேயே வைத்துத் தையுங்கள். பழைய மீன் உள்ளே பஞ்சு போல நின்று புதியதற்குச் சதைப்பற்றுக் கொடுக்கும். என் அண்ணன் மகளின் புத்தகப் பையில் நீல மீன் ஒன்று தடித்து நிற்கிறது. “மாமி, இது மட்டும் ஏன் இவ்வளவு கொழுப்பு?” என்று கேட்டாள். வயிற்றுக்குள் ஒரு சிவப்பு மீன் இருக்கிறது என்றேன். விழுங்கிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.